இத்ரீஸின் தம்பி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. திருப்பூரில் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்ட கேள்வி என்மேல் ஒட்டிக்கொண்டது. அதை இறக்கிவைக்க வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வானம் பிளந்ததுபோல் குண்டு விழுந்தபோது இசக்கிமுத்து—’

(விட்டுவிட்டேன். தீபாவளி வெடிக்கு மேல் ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.)

2

இசக்கிமுத்துவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். திருப்பூரை ஒட்டிய நல்லூரில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். சூடானில், கார்ட்டூம் நகரத்துப் பனியன் கம்பெனி ஒன்றுக்கு மெஷின் பூட்டிக்கொடுக்கப் போனார். போன இடத்தில் போர் மூண்டது. இரண்டு படைகள் ஊரைப் பங்குபோட்டு அடித்துக்கொண்டன. அவர் தங்கியிருந்த கட்டடத்தின் மாடி இடிந்ததும், எதிர்வீட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் இத்ரீஸ் அவரைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார். இத்ரீஸ், மனைவி ஹலீமா, இரண்டு பெண்பிள்ளைகள், இவர். எல்லோருக்கும் ஒரே குடம் தண்ணீர்.

இத்ரீஸ்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவரை வைத்தால் வாசகர் நம்புவாரா? இசக்கிமுத்துவிடமே கேட்டேன்.

“நல்லவருன்னு யாரு சொன்னா? சரியான கோவக்காரரு சார். நான் ரெண்டு மடக்கு கூடக் குடிச்சிட்டேன்னு ஏசித் தீத்துட்டாரு. அன்னைக்குப் பூரா எங்கிட்டப் பேசல.”

அந்த ஏச்சில்தான் இத்ரீஸுக்கு உயிர் வந்தது.

இந்தியர்களை மீட்க பஸ் வந்த அன்று, அது நிற்கும் இடம்வரை இத்ரீஸ் கூடவே நடந்தார். வழியில் துப்பாக்கிக்காரர்கள் மறித்து, யார் இவன் என்று அதட்டினார்கள்.

“என் தம்பி” என்றார் இத்ரீஸ்.

சிரித்துவிட்டு வழிவிட்டார்களாம். பஸ், கப்பல், விமானம். நல்லூரில் மனைவி நாகஜோதி, தெரு என்றும் பாராமல் இசக்கிமுத்துவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இத்ரீஸுக்குக் கப்பல் வரவில்லை. குடும்பத்தோடு ஹலீமாவின் ஊரான, மேற்குச் சூடானின் எல் ஃபாஷருக்குப் போனார். அந்த ஊரையும் முற்றுகை சூழ்ந்தது. உணவு லாரிகள் நுழைய முடியவில்லை. மாட்டுத் தீவனத்தைத் தின்று கிடக்கிறோம் என்று ஒருநாள் போனில் அவர் குரல் வந்தது. பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

3

(போரிலும் பொதுமக்களைத் தொடக்கூடாது என்று நாடுகளெல்லாம் ஒப்பந்தம் போட்டிருப்பதைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். இசக்கிமுத்து அந்தத் திருப்பூர் கூட்டத்தில் பேசியதே போதும்.)

கம்பெனியில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவரின் சார்பில், தொழிலாளர் பாதுகாப்பைப் பார்வையிட வந்த பெண்மணி தொழிலாளர் உரிமை பற்றிப் பேசினார். இசக்கிமுத்து இப்போது வேலைபார்க்கும் அந்தக் கம்பெனியின் முதலாளி மகுடேஸ்வரனின் மகள் ஜனனி அதைத் தமிழில் சொன்னாள். “யாருக்காச்சும் ஏதாச்சும் குறை இருக்குதுங்களான்னு கேக்கறாங்க.”

இசக்கிமுத்து எழுந்தார். அங்கேயே வேலைபார்க்கும் நாகஜோதி பக்கத்திலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்க. இருக்க வேலைக்கும் ஒல வச்சிராதீங்க.”

அவர் அந்தப் பெண்மணியைப் பார்த்தார். “இங்க கொறை ஒண்ணும் இல்லம்மா. தீப்பிடிச்சா நாங்க வெளிய ஓட வழி இருக்கான்னு பாக்க நீங்க கடல் தாண்டி வந்திருக்கீங்க. நல்ல காரியம். எல் ஃபாஷர்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு வழி இருக்கான்னு யாரு போய்ப் பாப்பா? உங்க அரசாங்கம் உலக சபையில உக்காருதுல்லா? ஆஸ்பத்திரிய அடிக்காதன்னு சொல்லணும். சாப்பாட்டு லாரிய விடுன்னு சொல்லணும். ரெண்டு பக்கமும் ஆயுதம் குடுக்கவன நிறுத்தணும். எங்க அரசாங்கமும் கேக்கணும். எனக்கு வந்த கப்பல் அவங்களுக்கும் வரணும்.”

ஜனனி தயங்கி அப்பாவைப் பார்த்தாள். மகுடேஸ்வரன் முன்னால் இருந்த ஆர்டர் தாளை மூடிவைத்தார். பிறகு, “உள்ளதச் சொல்லு கண்ணு” என்றார்.

அவள் சொல்லி முடித்தாள். இது எங்கள் நிறுவனத்தின் கையில் இல்லையே என்று தொடங்கிய அந்தப் பெண்மணி பாதியில் நிறுத்தினார்.

“அவங்க பேரெல்லாம் என்னன்னு கேக்கறாங்க” என்றாள் ஜனனி.

இசக்கிமுத்து நான்கு பேரையும் சொன்னார். சின்னவள் பேரை இரண்டு தடவை சொன்னார். எங்கள் நாட்டில் என் தொகுதி எம்.பி.யிடம் பேசுகிறேன், பலன் கிடைக்குமென்று வாக்குத் தர முடியாது என்றார் அந்தப் பெண்மணி.

4

முடிவு ஒன்று: முற்றுகை விலகியது. இத்ரீஸ் கூப்பிட்டார். (எழுதும்போதே கை கூசியது.)

முடிவு இரண்டு: இசக்கிமுத்துவின் வேலை போனது. (போகவில்லை. மறுநாள் மகுடேஸ்வரன் மெஷினருகே வந்தார். “ஆர்டரே போயிருமோன்னு பயந்துட்டனுங்க தம்பி. ஆனா நீங்க கேட்டது ஞாயமுங்க.” ஐ.நா.வுக்கும் டெல்லிக்கும் தொழிலாளர்கள் அனுப்பிய மனுவில் நாகஜோதியின் கையெழுத்துக்குக் கீழே மகுடேஸ்வரனுடையதும் இருக்கிறது. பதில் வரவில்லை.)

முடிவு மூன்று: ‘இத்ரீஸின் குடும்பம் அந்த முற்றுகையிலேயே மடிந்து—’

இதைப் படித்துக்காட்டியபோது இசக்கிமுத்து கையை நீட்டி மறித்தார்.

“போன் எடுக்கலன்னா செத்துட்டாங்கன்னு நீங்களா எப்படி சார் எழுதுவீங்க? உசுரோட இருக்காங்கன்னு வச்சுல்லா கேக்கணும்? செத்தவங்களுக்கு எவன் லாரி அனுப்புவான்?”

அடித்துவிட்டேன். இந்த வரிவரை நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள். இனி யாரிடம் கேட்பது, எவ்வளவு உரக்கக் கேட்பது என்பதை, இதைக் கையில் வைத்திருக்கும் நீங்கள்தான் முடிவு நான்காக எழுதவேண்டும்.