சணலில் கட்டிய மாலை

செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஆதிநாராயணனின் அரிசி மில்லுக்குக் கரண்ட் வந்து சில வருஷம்தான் ஆகிறது. ஆயுத பூஜைக்கு மிஷினுக்குப் போட்ட மாலையை மறுநாள் காலையில் அங்கே கழற்ற மாட்டார்கள். மாலையோடுதான் முதல் ஓட்டம் ஓட வேண்டும். அப்போதுதான் வருஷம் முழுக்க நெல் வருமாம். நெல் வருவது மழையாலா மாலையாலா என்று கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது. போன வருஷம் மாலையைச் சற்றே நகர்த்தி வைத்த பாவாடை என்ற கூலியாளை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இந்த வருஷம் பூஜைக்கு மறுநாள் காலையில், தவிடு கூட்டிக்கொண்டிருந்த ரஞ்சிதத்தின் கண்ணில் அது பட்டது. சக்கரத்தை ஒட்டித் தொங்கிய மாலை வாழைநாரில் கட்டியதல்ல, சணலில் கட்டியது. நார் என்றால் பெல்ட் இழுத்ததும் அறுந்துவிடும். சணல் லேசில் அறாது, கிட்டே இருக்கிற கையையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும். சுவிட்சு போட்டதும் பெல்ட் நழுவாமல் கட்டையால் அணைத்துப் பிடிப்பவன் அவள் புருஷன் தனகோட்டி. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவனிடம் ஓடினாள்.

"மாமா, அது நாரு இல்ல, சணலு."

தனகோட்டியும் பார்த்துத்தான் இருந்தான். "நல்ல நாளும் அதுவுமா வாயத் தொறக்காத. வேல போயிடும். ஓரமா நின்னு புடிச்சிக்கறேன்" என்று வேட்டியை இறுக்கிக் கட்டினான். தோளில் கிடந்த துண்டையும் எடுத்து வைத்தான். பெரிய ஜாக்கிரதைதான்!

ரஞ்சிதம் தவித்தாள். மாலையை அறுத்தால் இரண்டு பேர் வேலையும் போகும். அறுக்காவிட்டால் அவன் கை போகும். கை போனவனை எந்த மில்லில் சேர்ப்பார்கள்? அவள் வேலை மட்டும் போனால் அரை வயிற்றுக் கஞ்சிக்காவது வழி உண்டு.

ஆதிநாராயணன் கற்பூரம் காட்டி முடித்தார். தனகோட்டி கட்டையோடு பெல்ட் அருகே போனான்.

"மொதலாளி!" ரஞ்சிதம் கத்தினாள். "நான் வீட்டுக்குத் தூரமா இருக்கறேன். தெரியாம மிசினத் தொட்டுட்டேன். மாலையும் மேல பட்டுடுச்சி."

ஆதிநாராயணனின் முகம் சிவந்தது. "இன்னா பொம்பள நீ? வெளிய போ! இனிமே இந்தப் பக்கமே வராத!"

மாலையைக் கழியால் தள்ளி எறிந்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, உதிரிப் பூ தூவி மிஷினை ஓட்டினார்கள். தெருவில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

சாயங்காலம் தனகோட்டி கத்திக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தான். "பொய் சொல்லி வேலயத் தொலைச்சிட்டு வந்துட்டியேடி! ஊரே சிரிக்குது! ஒண்ணும் ஆயிருக்காது!" அடிக்கக் கையை ஓங்கினான்.

ரஞ்சிதம் விலகவில்லை. ஓங்கிய கையையே பார்த்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அடி மாமா. அடிக்கறதுக்குக் கை இருக்குது இல்ல."