நாலு மாளிகை, ஒரே நாள்

மனைவிக்கு இருதய ஆபரேஷன் என்று நாள் குறித்ததிலிருந்து முடிதிருத்துபவருக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்கு வெளியே இருக்கும் பழைய மாளிகைகளை அவளுக்குச் சுற்றிக் காட்டிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு. கடை, பிள்ளைகள், மழை என்று தள்ளித் தள்ளியே போய்விட்டது.

கடையில் கை கத்தரியை ஓட்ட, வாய் வழி விசாரித்தது. ஒருவர் ஏரிக்கரை மாளிகையை விட்டுவிடாதீர்கள் என்றார். ரோஜாத் தோட்ட மாளிகைக்கு ஈடு எதுவுமில்லை என்றார் இன்னொருவர். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தார்.

"காலையில முதல் பஸ். ஏரிக்கரை, அப்படியே ரோஜாத் தோட்டம். சாப்பிட்டதும் மேட்டு மாளிகை. வர்ற வழியில பளிங்கு மாளிகையையும் ஒரு எட்டு பாத்துடலாம்."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியை வைத்தாள். "படியேறினாலே மூச்சு வாங்குது எனக்கு."

"அங்கங்க உக்காந்துக்கலாம்."

"ஏங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டிட்டு வழியனுப்பி வைக்கப் பாக்குறீங்களா?"

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது அவருக்கு. "வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்று கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிந்தது. அவர் வெளியே வரவில்லை.

கதவருகே அவள் குரல் கேட்டது. "ஒரே ஒரு இடம் போவோம். மேடு இல்லாததா பாருங்க."

ஏரிக்கரைக்குப் போனார்கள். வாசலில் இருந்து முதல் மரத்தடி பெஞ்சுக்கு நடப்பதற்குள்ளேயே அவள் இரண்டு முறை நின்றுவிட்டாள். "நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்று பிடிவாதமாக அவரை உள்ளே அனுப்பினாள்.

உயர்ந்த கூடங்களில் தனியாக நடந்தார். ஏதோ ஒன்றைப் பார்த்து, "இங்க பாரேன்" என்று பக்கத்தில் திரும்பினார். யாரும் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தார்.

பெஞ்ச் காலி.

வாசல் காவலாளியிடம் கேட்க ஓடினார். அப்போதுதான் பார்த்தார்: தண்ணீர்க் குழாயடியில் நின்று, தோட்டக்காரரிடம் ஏதோ ஒரு செடியின் பதியன் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டுப் போகக் கூடாதா நீ?"

அவருக்கு மூச்சிரைப்பதைப் பார்த்துவிட்டுத் தோட்டக்காரரிடம் சொன்னாள்: "ஆபரேஷன் எனக்குத்தான். இவரைப் பாத்தா மாத்திப் படுக்க வச்சிடுவாங்க போல."

தோட்டக்காரர் சிரித்தார். கணவரால் சிரிக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துப் பெஞ்சுக்குக் கூட்டிவந்து உட்கார்த்தினார். கை சில்லென்றிருந்தது.

"சரி, சொல்லுங்க. உள்ள என்னெல்லாம் இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தார். அறை அறையாகப் போய்வந்ததில் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை.

"தெரியல" என்றார்.