கை பார்க்கிற இடம்

வெயில் வராந்தாவில் பாதி ஏறிவிட்டது. சிதம்பரத்துக்கு வெளியே இருந்த அந்த விடுதிப் பள்ளியில் அமராவதியும் மகள் வெண்மதியும் காலையிலிருந்து காத்திருந்தார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். பின்னால் காரில் வந்தவர்களெல்லாம் சீட்டு வாங்கி, பிள்ளைகளின் பெட்டியை ஹாஸ்டலில் இறக்கிவிட்டுப் போயாயிற்று.

"கூப்புடுவாங்களாம்மா?"

"கூப்புடாம? இவங்க வச்ச பரீச்சையில மொதலா வந்திருக்க. சும்மாவா வந்தோம்?"

சொன்னாளே தவிர, அமராவதியும் கரஸ்பாண்டன்ட் அறை வாசலையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பு வெட்டுகிற குடும்பம். தை பிறந்தால் மேஸ்திரி கைகாட்டுகிற ஊருக்கெல்லாம் சட்டிபானையோடு போகவேண்டும். போன வருஷம் வெண்மதி பாதி நாள் பள்ளிக்கூடமே போகாமல், கரும்புக் கொல்லைக் கொட்டகையில் உட்கார்ந்து படித்துத்தான் எட்டாவது தேறினாள். ஹாஸ்டல் கிடைத்தால் மேலே படிப்பாள். கிடைக்காவிட்டால் வருகிற தையில் அவள் கையிலும் வெட்டுக்கத்திதான்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். கரஸ்பாண்டன்ட் மணவாளன் சிரித்த முகமாக இருந்தார்.

"மார்க்கெல்லாம் பிரமாதம்மா. பீஸே வேணாம், புள்ள இங்கயே இருக்கட்டும்."

அமராவதி கையெடுத்துக் கும்பிட்டாள். கண் கலங்கிவிட்டது.

"காலையில சாயங்காலம் மெஸ்ல கொஞ்சம் ஒத்தாசை பண்ணணும். பாத்திரம் கழுவுறது, கூட்டுறது. ஒங்களுக்குப் பழக்கந்தானே?"

"அதுக்கென்னா சார், நல்லா செய்வா!"

வெட்டுக்குப் புது ஆளைக் கூட்டிப்போனால் மேஸ்திரி முதலில் கையைத்தான் பார்ப்பார். காய்த்திருந்தால் சேர்த்துக்கொள்வார். மெத்தென்றிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கத்தில் அமராவதி மகளின் வலது கையைப் பிடித்து, மேசைமேல் மல்லாத்திக் காட்டினாள்.

"பாருங்க சார், காச்சுப்போன கை. சுணங்கமாட்டா."

மணவாளன் எட்டிப் பார்த்தார். "பரவால்ல, கெட்டியாத்தான் இருக்கு."

வெண்மதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. தாயின் முகத்தையே பார்த்தாள்.

"படிக்கச் சேக்குறியாம்மா, வேலைக்குச் சேக்குறியா?"

ஐயையோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! அமராவதிக்கு உடம்பெல்லாம் கூசியது. மகளின் கையை வெடுக்கென்று எடுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏன் சார், காலையிலேருந்து எத்தினி புள்ளைங்க சேந்துச்சு. யாரு கையைப் பாத்தீங்க?"

மணவாளனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "ஓசிச் சோறு, ஓசிப் படிப்பு. இதுல கேள்வி வேறயா? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா?"

"மீசை ஒங்களுக்குத்தான் இருக்கு சார். எம்பொண்ணு கேக்குறது பெஞ்சு."

"அப்ப நடையைக் கட்டு."

"கட்டமாட்டேன். மத்தப் புள்ளைங்க எப்பிடியோ, இவளும் அப்பிடித்தான். அப்பிடிச் சேத்துக்கிறவரைக்கும் வாசல்லயே கெடக்கிறோம்."

கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் கத்தியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்வார்கள். மேஸ்திரி இறங்கி வரும்வரை ஒருத்தரும் எழுந்திருக்கமாட்டார்கள். அப்படித்தான் உட்கார்ந்தாள், அறை வாசலை மறித்து, காலை நீட்டிப்போட்டு. பக்கத்தில் வெண்மதியும் சப்பணம் போட்டாள்.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "ஏம்மா, வம்பு பண்ணாத. போலீசக் கூப்புடுவாங்க."

"கூப்புடச் சொல்லு. புள்ளைக்குப் படிப்பு கேட்டு உக்காந்தேன்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிக்கிறேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வகுப்புகளுக்குள் ஓடினார்கள். காலியான வராந்தாவில், அதே சீருடையில், ரிப்பன் வைத்த இரட்டைச் சடையோடு ஒரு பெண் குனிந்து கூட்டிக்கொண்டே வந்தாள்.

"அக்கா, காலைக் கொஞ்சம் தூக்கிக்கங்க."

"நீ எந்தக் கிளாஸும்மா?" என்றாள் அமராவதி.

"பத்தாவது."

"பெல்லடிச்சிட்டாங்களே?"

"இத முடிச்சிட்டுத்தான் போவணும்."

"ஒங்கம்மாவும் கரும்பு வெட்டா?"

"இல்லக்கா. செங்கச் சூளை."

அமராவதி காலைத் தூக்கவில்லை. துடைப்பத்தின் மறுமுனையை எட்டிப் பிடித்தாள். அந்தப் பெண் பயந்துபோய் இழுத்தாள். அமராவதி விடவில்லை.

எதிர் வகுப்பில் வருகைப்பதிவு நடந்துகொண்டிருந்தது. "இளமதி" என்று ஆசிரியர் கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா!" துடைப்பத்தைப் பிடித்தபடியே வராந்தாவிலிருந்து அந்தப் பெண் குரல் கொடுத்தாள்.

ஆசிரியர் தலை நிமிராமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.