கதவில் கட்டிய சிவப்புத் துணி

கடும் வெயிலை எச்சரிக்கும் சங்கு ஊதினால் தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு குளிர்க்கூடத்துக்குக் கிளம்பிவிடும். வீட்டுக்கு வீடு ஏசி ஓட்டினால் கரண்ட் தாங்காது என்றான பிறகு, மண்ணுக்குள் பாதி இறக்கித் தெருவுக்கு ஒன்றாகக் கட்டிய கூடம் அது. கிளம்புகிறவர்கள் கதவில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். துணி இல்லாத வீடுகளைக் கூடத்தின் ஏசி மெக்கானிக் தட்டிப் பார்ப்பாள்.

அன்று தன் வீட்டுக் கதவிலேயே துணியைப் பார்த்தாள். மாமனாருக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷமாக நகர்ந்தாள். போன வாரம் கூடத்தில் செஸ் ஆடும்போது, மாமனார் தொட்ட குதிரையை நகர்த்தாமல் திரும்ப வைத்துவிட்டார் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சம்பந்திகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. இனி அந்தக் கூடத்தை மிதிக்க மாட்டேன் என்று மாமனார் சபதமே போட்டிருந்தார். பெரிய மனிதர்கள், பெரிய சண்டை.

கூடத்தில் மாமனாரைக் காணோம். அந்த நேரம் பார்த்துத்தானா குளிரூட்டும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்து தொலைய வேண்டும்? கைக்குழந்தைகளோடு தெரு முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

"துணியைக் கட்டிட்டு உள்ளேயே உக்காந்திருப்பாரு. வீம்பு புடிச்ச மனுஷன்" என்றபடி அப்பா எழுந்தார். "நீ மெஷினைப் பாரு. உன் வீட்டுச் சாவியைக் குடு."

"அப்பா, உங்களுக்கும் வயசாச்சு."

"அவரை விட ரெண்டு வயசு கம்மிதான்" என்று ஒரு போர்வையைத் தண்ணீரில் முக்கிப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

அவள் புது பெல்ட்டை எடுத்து மாட்டினாள். இருவரில் ஒருவரை இழந்தாலும் அவளால் தாங்க முடியாது. குளிர்காற்று மறுபடி வந்ததும் வாசலுக்கு ஓடினாள். ஒரே போர்வைக்குள் நான்கு கால்கள் தள்ளாடி வந்துகொண்டிருந்தன.

மாமனாரைப் படுக்கவைத்துக் கழுத்தில் ஈரத்துணி போட்டார்கள். வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தார்.

"உங்கப்பாகிட்ட சொல்லும்மா. நான் குதிரையைத் தொடவே இல்ல."

"தொட்டாருன்னு சொல்லு" என்றார் அப்பா.

அவள் சிரித்தாள், அழவும் செய்தாள்.

அதற்கப்புறம் தெருவில் புதுச் சட்டம் வந்தது. தன் வீட்டுத் துணியைத் தானே கட்டக் கூடாது. இன்னொரு வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

அடுத்த சங்கு ஊதியதும் முதல் ஆளாக எதிர்வீட்டுக்கு, அதாவது சம்பந்தி வீட்டுக்குப் போனவர் மாமனார்தான். சமையலறை, குளியலறை, கட்டிலுக்கடியில்கூடக் குனிந்து பார்த்தார். சம்பந்தி, தெருக்காரர்கள் நட்டிருந்த மரங்களின் நிழலில் நின்று காத்திருந்தார். அந்த மரங்கள் இப்போதுதான் ஆள் உயரத்தைத் தாண்டியிருந்தன.

மாமனார் வெளியே வந்து துணியை இரட்டை முடிச்சாகக் கட்டினார்.

"போலாமா சம்பந்தி? இன்னைக்கு வெள்ளைக் காய் எனக்கு."