கண்ணில் படாத கணினி

அக்காவுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலை. கூடத்து மேசையில் அவளுடைய கணினி. மாடியறையில் தம்பியின் மடிக்கணினி. வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதும் பெட்டியோடு வந்து சேர்ந்தவன், சும்மா இருக்கப் பிடிக்காமல் அவளுக்குப் படங்களில் நிறம் திருத்திக் கொடுத்துவந்தான். பென்டிரைவும் கையுமாகப் படியேறி இறங்கியதில் அக்காவுக்கு முழங்கால் விட்டுப்போயிற்று.

"ரெண்டும் ஒரே வீட்டு வைஃபைதானே? ஃபோல்டரை ஷேர் பண்ணிட்டா போச்சு," என்று மடிக்கணினியோடு கீழே வந்தான் தம்பி.

சொன்னதோடு சரி. ஷேர் பண்ணினார்கள், அனுமதி கொடுத்தார்கள், வெளியார் நுழையாமல் காக்கும் ஃபயர்வாலைக்கூட நிறுத்திப் பார்த்தார்கள். ஒரே மேசையில் இருந்த இரண்டு கணினிகளும் முகம் கொடுத்துப் பேசுவதாக இல்லை.

"ரௌட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுடா."

அதுவும் ஆயிற்று. கடைசியில் இரண்டின் நெட்வொர்க் எண்களையும் ஒப்பிட்டாள். அவளுடையது ஒரு வரிசை, அவனுடையது வேறு.

"நீ எந்த வைஃபைல இருக்கே?"

"நீ கொடுத்ததுலதான். கெஸ்ட்னு போட்டிருக்கே, அது."

அவளுக்குச் சுருக்கென்றது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுக்கும் பாஸ்வேர்டைத்தான் அவன் வந்த அன்று அவனுக்கும் கொடுத்திருந்தாள். அதில் இணையம் மட்டும் கிடைக்கும். வீட்டுக் கணினி எதுவும் கண்ணில் படாது. அவன் வந்தபோது மழைக்காலம். இப்போது வெயில் கொளுத்துகிறது.

"ஏன்டா கேட்கலை?"

"சீக்கிரம் கிளம்பிடுவேன்னு நான்தானே சொன்னேன்." சிரித்தான். சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை.

தானே தட்டிவிடலாம் என்று அவன் மடிக்கணினியில் விரலை வைத்தவள், கையை எடுத்துக்கொண்டு வீட்டு பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவன் தட்டினான். கொஞ்ச நேரத்தில் ஃபோல்டர் வந்து நின்றது.

"மறக்காம ஃபயர்வாலைப் போட்டுடு," என்றாள்.

போட்டுவிட்டு, திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "அக்கா, பின் தெருவுல ஒரு ரூம் பார்த்திருக்கேன். சொல்லணும்னுதான் இருந்தேன், வாய் வரலை."

"இப்பதானேடா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் இத்தனை மாதத்தில் அவன் இந்த வீட்டில் ஒருநாளும் காலை நீட்டி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"வெளிச்சம் வருமா?"

"பெரிய ஜன்னல். வேலைக்கு இங்கதான் வருவேன். காலைல காபி உண்டுல்ல?"

"உண்டு. நீயே போட்டுக் குடிக்கணும். எனக்கும் சேர்த்து."

முதல் படத்தைத் திறந்தாள். மணப்பெண்ணின் முகம் மஞ்சளடித்துக் கிடந்தது. தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.