வில்ஃபின் இருமல்

எங்கள் சங்கத்தில் சளி பிடித்தவர்களுக்கு அனுமதி இல்லை. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் வேறு எந்தச் சங்கத்திலும் இப்படி ஒரு விதி கிடையாது. புறா வளர்ப்பவர்கள் சங்கத்துக்காரர்கள் எங்களைக் கேலி செய்து ஒரு பாட்டே கட்டியிருக்கிறார்கள். கட்டட்டும். இருமலின் அருமை புறாக்காரர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

விஷயம் இதுதான். பேப்பர் ஹெரன்ஸ் என்பது எங்கள் ஊர் இசைக்குழு, நாங்கள் அவர்களின் ரசிகர் சங்கம். அறுபதுகளில் ஒரு மேசை நாற்காலிக் கிடங்கின் மாடியில் அவர்கள் பதிவு செய்த 'நியூ ஹாலண்ட் படகு' என்ற பாட்டில், இரண்டாவது சரணம் முடிந்து கிதார் ஓய்கிற இடத்தில், யாரோ இருமுவது கேட்கும். அந்த யாரோ, எங்கள் வில்ஃப். அப்போது அவருக்குப் பொரித்த மீன் கடையில் வேலை. குழுவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனவர், மீன் மேல் ஊற்றும் வினிகரின் நெடி மூக்கில் ஏறி இருமிவிட்டார். பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கும் ஆர்ச்சி எழுந்து வந்து, வில்ஃபின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "நல்ல நேரத்துல இருமுனப்பா" என்றாராம். மறுபடி பதிவு செய்ய நேரமில்லை. இருமல் அப்படியே இசைத்தட்டில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு வில்ஃப் மீன் கடையை விட்டுத் துறைமுகத்தில் சேர்ந்தார். துறைமுகம் படுத்துவிட்டது. அப்புறம் ஒரு கேரவன் தொழிற்சாலை. அதுவும் படுத்தது. முழங்காலும் போயிற்று. எதிலும் அவர் பெயர் வாங்கவில்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹெஸ்ஸல் ரோட்டு மதுக்கடையின் மாடி அறையில், எங்கள் கிரஹாம் இசைத்தட்டின் மேல் முள்ளை வைத்தால் வில்ஃப்தான் அங்கே ராஜா. அந்த இடம் வரும்போது நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்போம். இருமல் கேட்கும். வில்ஃப் மட்டும் உட்கார்ந்தபடி லேசாகத் தலையசைப்பார். பிறகு உட்காருவோம். கடைக்காரரின் நாய்கூடப் பழகிவிட்டது, எங்களோடு எழுந்து எங்களோடு படுக்கும். அந்த நேரத்தில் வேறு யாராவது இருமினால் கடலில் தவிப்பவர்களைக் காக்கும் படகுக்கு நிதி சேர்க்கும் உண்டியலில் அபராதம் போட வேண்டும்.

இருமலுக்கு அடுத்தாற்போல் தட்டில் 'கரக்' என்று ஒரு சத்தம் வரும். அது ஆர்ச்சியின் நாற்காலி என்பது கிரஹாமின் கட்சி. அவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், எதிலும் ஒரு கட்சி வைத்திருப்பார். யாரோ ஒருவரின் ஷூ என்பது பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்க்கும் லொரைனின் கட்சி. இந்தச் சண்டையில் ஒரு வருடம் இருவரும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கூட அனுப்பிக்கொள்ளவில்லை. நான் செயலாளர், பெயர் பிரெண்டா, காலமெல்லாம் பஸ் ஓட்டியவள். சண்டை முற்றினால் பின்சீட்டுக்காரர்களை அதட்டுகிற குரலில் இரண்டு பேரையும் அதட்டுவேன், அடங்கிவிடுவார்கள்.

இன்னொரு ஆள் வில்ஃபின் மனைவி மேவிஸ். மூலையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பேப்பர் ஹெரன்ஸைக் கண்டாலே ஆகாது. "நாலு பேர் சேந்தும் ஒரு பாட்ட ஒழுங்கா முடிக்கத் தெரியாதவனுங்க" என்பாள். அவளுக்குத் தொண்டை எப்போதும் கொஞ்சம் தகராறு. பாட்டு ஆரம்பிக்கும்போதே ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டு அடக்கிக்கொள்வாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த இலையுதிர் காலத்தில் செய்தி வந்தது. பேப்பர் ஹெரன்ஸின் எல்லாப் பாட்டுகளும் இணையக் கடைக்கு வரப்போகின்றன. ஒவ்வொன்றும் கவனமாகச் சுத்தம் செய்யப்பட்டது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

"சுத்தம் பண்றாங்களாம்" என்றார் வில்ஃப். பத்திரிகையை மடித்து மடித்து ஒரு சீட்டுக்கட்டு அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். "அந்தப் பாட்டுல அழுக்குன்னு என்ன இருக்கு? நான்தான் இருக்கேன்."

 அவர் முகம் எனக்குத் தாங்கவில்லை. வேலை போனபோதுகூட அவர் அப்படி முகம் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

கிரஹாம் எழுந்தார். "பாட்டுன்னா கையில தூக்கணும். தூக்க முடியாதது பாட்டில்ல, வதந்தி."

"எனக்கு பஸ்ல கேக்கணும் கிரஹாம்" என்றாள் லொரைன். "உன் இசைத்தட்டையும் பெட்டியையும் தூக்கிட்டு நான் பஸ்ல ஏறட்டா? கேளு, பிரெண்டாவே ஏத்தமாட்டா."

"ஏத்தமாட்டேன்" என்றேன்.

"தட்டுன்னா நடுவுல எந்திரிச்சுத் திருப்பிப் போடணும். அந்த எந்திரிக்கிறதுலதான் மரியாதையே இருக்கு."

"உனக்கு மரியாதை, எனக்கு மூட்டுவலி."

"ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியா விப்பானாம் லொரைன். ஒரு குடும்பத்துலேருந்து ஒரு பிள்ளைய மட்டும் தத்தெடுக்கிற மாதிரி."

"எங்க வீட்ல மூணு இருக்கு, எது வேணும் உனக்கு? பெரியவனத் தூக்கிட்டுப் போ, திங்கிற தீனிக்கு நீ பென்ஷனோட அழுவே."

இப்படியே மூன்று பைண்ட் பீர் போயிற்று. இருமலை அழித்திருந்தால் லண்டன் வரை போய் அந்தக் கம்பெனி வாசலில் கூட்டமாக நின்று இருமுவது என்று ஒரு யோசனை வந்தது. ரயிலில் போவதா பஸ்ஸில் போவதா என்பதில் அது உடைந்தது. கடைசியில் நான் மேசையைத் தட்டினேன். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கேட்போம், அதுவரை யாரும் அந்தக் கடைப் பக்கம் போகக்கூடாது என்று தட்டின் உறை மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். மேவிஸ் மட்டும் கை வைக்கவில்லை. "காசு குடுத்தாலும் நான் அத வாங்கமாட்டேன், இதுக்குச் சத்தியம் வேறயா" என்றாள்.

அடுத்த மாதம் கிரஹாம் மருமகனின் லேப்டாப்பையும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளையும் தூக்கி வந்தார். வில்ஃப் டை கட்டி வந்திருந்தார். நீதிமன்றத்துக்குப் போகிறவரைப் போலிருந்தது. லேப்டாப் இணையத்தோடு சேரவே மாட்டேனென்று அடம்பிடித்தது. கிரஹாம் அதைத் தட்டினார், அணைத்தார், புவியியல் வகுப்புக் குரலில் திட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"சரி விடு" என்று லொரைன் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "என்கிட்ட இருக்கு."

"எது இருக்கு?"

"பாட்டு. வந்த அன்னிக்கே வாங்கிட்டேன். பஸ் லேட்டு, என்ன பண்ணச் சொல்றே? ஆனா ரெண்டாவது சரணத்தோட நிறுத்திட்டேன். சத்தியம் சத்தியம்தான்."

கடைக்காரர் தன்னிடமும் இருப்பதாக ஒத்துக்கொண்டார். கிரஹாம் காது சிவக்க, லேப்டாப்பிலும் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதாகவும், அதைத் திறக்கத்தான் தெரியவில்லை என்றும் சொன்னார். என் போனிலும் இருந்தது. நான் சொல்லவில்லை, செயலாளர் என்றால் கொஞ்சம் மானம் வேண்டும். ஆனால் ஒருவருக்குக்கூட அந்த இடத்தைத் தாண்டிக் கேட்கும் தைரியம் வரவில்லை. வில்ஃப் இல்லாமல் அதைக் கேட்பது திருட்டு மாதிரி இருந்தது.

லொரைனின் போனை ஒலிபெருக்கியில் செருகினோம். பாட்டு ஆரம்பித்தது. அவ்வளவு தெளிவு. கிதார்க்காரனின் விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்டது. இரண்டாவது சரணம் முடிந்தது. எழுந்து நின்றோம், நாயும் எழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

இருமல் கேட்டது.

எல்லோரும் கைதட்டினோம். லொரைன் வில்ஃபின் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தாள். வில்ஃப் கைக்குட்டையைத் தேடினார். கிரஹாம் மட்டும் கை தட்டவில்லை.

"இன்னொரு தடவை போடு" என்றார்.

போட்டோம். இருமலுக்கு அடுத்து, நாற்காலியா ஷூவா என்று இத்தனை வருடம் அடித்துக்கொண்ட அந்த இடத்தில், 'கரக்' இல்லை. அதைச் சுத்தம் செய்திருந்தார்கள். அதன் அடியில் இருந்தது மேலே வந்திருந்தது. மெல்லிய குரலில் ஒரு பெண், "ஸாரி" என்றாள்.

"ஷூ பேசாது" என்றாள் லொரைன் மெதுவாக. "நாற்காலியும் பேசாது."

கிரஹாம் வில்ஃபைப் பார்த்தார். "யாரு இருமினாங்களோ அவங்கதான ஸாரி சொல்லியிருக்கணும்."

"அது நான்தான்" என்றார் வில்ஃப். "அப்ப எனக்குக் குரல் அப்படித்தான்."

"அப்ப உனக்குக் கல்யாண வயசு வில்ஃப்."

"எனக்குக் குரல் லேட்டாத்தான் உடைஞ்சுது."

இந்த இடத்தில் நான் கூட்டத்தை முடித்திருக்க வேண்டும். அதற்குள் கிரஹாம் பரிசோதனை என்று ஆரம்பித்துவிட்டார். வில்ஃப் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்று இருமி, ஸாரி சொல்ல வேண்டும், நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வில்ஃபும் போனார். திரைக்கு அடியில் அவருடைய பாலிஷ் போட்ட ஷூக்கள் தெரிந்தன. இருமினார். பிறகு குரலை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றி, "ஸாரி" என்றார். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் மறுபடி இருமி, இன்னும் மேலே போய், "ஸாரி" என்றார். குரல் கீச்சென்று உடைந்தது. 

மேவிஸ் பின்னலைக் கீழே வைத்தாள்.

"போதும் வில்ஃப். வெளிய வா."

திரை அசையவில்லை. மூன்றாவது தடவை அந்தக் கீச்சுக் குரல் வந்தது.

மேவிஸ் எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மிட்டாய் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது போல. தொண்டை கமறி, இருமிவிட்டாள். இருமி முடித்து, "ஸாரி, வில்ஃப்" என்றாள்.

நாய் எழுந்து நின்றது. பழக்கதோஷத்தில் நாங்களும் நின்றோம். நின்ற பிறகுதான் எதற்காக நின்றோம் என்பது உறைத்தது. பாட்டில் கேட்ட குரலைவிட இதில் கொஞ்சம் வயது கூடியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவருக்கும் உட்காரத் தெரியவில்லை.

வில்ஃப் திரையை விலக்கி வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மேவிஸ் பின்னலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனாள். கிரஹாம், இசைத்தட்டில் இருப்பது வில்ஃபின் இருமலென்றும் இணையக் கடையில் இருப்பது மேவிஸின் இருமலென்றும் ஒரு தீர்மானம் போட்டுவிடலாமே என்று ஆரம்பித்தார்.

"வாய மூடு கிரஹாம்" என்றாள் லொரைன். அன்றைக்கு அது ஒன்றுதான் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்.

கூட்டம் முடிந்தால் வில்ஃபின் காரில்தான் நான் வீட்டுக்குப் போவது வழக்கம். அன்றைக்கு நடந்தே போயிருப்பேன். மழை விடவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வில்ஃப் ஓட்டினார், மேவிஸ் அவர் பக்கத்தில். தெருமுனை திரும்பியதும் அவர் மழை துடைப்பானை வேகமாக்கினார்.

"நானும் இருமுனேன்" என்றார் வில்ஃப். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"இருமுனே. பாட்டு முடிஞ்ச அப்புறம். என்னோடது பாட்டுக்குள்ள விழுந்துச்சு. ஆர்ச்சி எந்திரிச்சு வரும்போது நீ இருமிட்டு நின்னே, அவன் உன் முதுகுல தட்டிட்டான்."

"சொல்லியிருக்கலாமே மேவிஸ்."

"எப்படிச் சொல்ல? உன் கதையில நான் அங்க வரவே இல்லியே." அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு என்னவோ செய்தது. "நீ படி ஏறுனே, நீ கதவத் தொறந்தே, நீ இருமுனே. வினிகர் புட்டிய யாரு தூக்கிட்டு வந்தான்னு ஒருநாள்கூட நீ சொன்னதில்ல."

 அந்தக் கதையை நாங்கள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் கேட்டிருக்கிறோம். அந்தப் புட்டியைப் பற்றி நாங்களும் ஒருநாள்கூட விசாரித்ததில்லை.

வில்ஃப் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பிரெண்டா, அந்தச் சனியன் உன் போன்ல இருக்கா?"

மானத்தைப் பார்க்கிற நேரமில்லை. "இருக்கு."

"அந்த இடத்தப் போடு."

போட்டேன். இருமல், ஸாரி. தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தடவை என்றார், போட்டேன். இன்னொரு தடவை என்றார்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்" என்றாள் மேவிஸ். "ஆளு இங்கதான உக்காந்திருக்கேன். வேணும்னா நேர்லயே இருமுறேன்."

வில்ஃப் காரை ஓரங்கட்டினார், எஞ்சினை அணைத்தார், துடைப்பானையும் நிறுத்தினார்.

"இருமு" என்றார்.

மேவிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு இருமினாள். ஒரே ஒரு இருமல். ஸாரி சொல்லவில்லை.

வில்ஃப் கையை நீட்டி அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நல்ல நேரத்துல இருமுனம்மா" என்றார்.