நீலக்கிளி சொன்ன சாட்சி

தையற்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்த அன்று அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். பிறகு தன் மேலேயே அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அந்தக் கைதட்டலுக்காகத்தான்.

டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் பதினான்கு மேசை, பதினான்கு திரை. இங்கே யாருடைய போனையும் ஒட்டுக்கேட்பதில்லை, யாருடைய பூட்டையும் உடைப்பதில்லை. மக்கள் தாங்களாகவே இணையத்தில் கொட்டி வைத்திருக்கும் படங்களையும் புலம்பல்களையும் கிளறி, அதில் எவன் நாளைக்கு ஊருக்கு ஆபத்தாக வருவான் என்று போலீசுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அவள் படம் பார்ப்பவள். நிழல் விழும் பக்கம், தூரத்துத் தொட்டியின் துரு, கண்ணாடியில் தெரியும் எதிர்வீட்டுக் கொடிக்கயிறு, இவற்றை வைத்தே படம் எடுத்த ஜன்னலைச் சொல்லிவிடுவாள். அதனால் அவளுக்குக் கழுகு என்று பெயர். வயதில் சிறியவர்கள் கழுகக்கா என்பார்கள்.

தையற்காரர் எழுதியது ஒரே வரி. "இந்த மோட்டார் ரூமை ஒரு நாள் நானே கொளுத்தப் போறேன்." கூடவே நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தின் படங்கள், மூன்று மாதத்தில் பத்தொன்பது. எந்த வீட்டிலிருந்து எடுத்தவை என்று கண்டுபிடிக்க அவளுக்கு நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் தகவலை மேலே அனுப்பக் கூடாது என்பது அலுவலக விதி. இன்னொரு இடத்திலிருந்தும் அதே பேச்சு வர வேண்டும். "ரெண்டு கால் இருக்கா?" என்பது அங்கே நாளைக்கு முப்பது முறை கேட்கும் கேள்வி. தையற்காரருக்கு இரண்டாவது கால் மறுநாளே முளைத்தது. அந்தப் பகுதி ஆட்கள் பேசிக்கொள்ளும் பொதுக் குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "தண்ணி ஸ்டேஷனை ஒருத்தன் தினமும் படம் எடுக்கறானாமே, எதுக்குன்னு யாருக்காவது தெரியுமா?" அதற்குக் கீழே முப்பது பேர் பயந்து பதில் போட்டிருந்தார்கள். அறிக்கை போனது. ஆள் உள்ளே போனார்.

ஒரு வாரம் கழித்து மேலதிகாரி வந்து நின்றார். எந்நேரமும் "ஏதாச்சும் அப்டேட்?" என்று கேட்பதால் அவருக்கு அப்டேட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மறுநாள் பதினோரு மணிக்கு நீதிமன்றத்தில் தையற்காரரை இன்னும் ஒரு மாதம் காவலில் வைக்கக் கேட்கப் போகிறார்களாம். அவர் போட்ட படங்கள் அத்தனையையும் அச்செடுத்து அறிக்கையோடு இணைக்க வேண்டும்.

அத்தனையையும் என்றதால்தான் அவள் முதல்முறையாகக் கணக்கை முழுசாகத் திறந்தாள். அதுவரை தேடல் பொறி 'மோட்டார்', 'கொளுத்து' போன்ற சொற்களுக்குப் பிடித்துக் கொடுத்த பத்தொன்பதை மட்டுமே பார்த்திருந்தாள். மொத்தம் நூற்று நாற்பது இருந்தன. பாதிக்கு மேல் ஒரு சுவரின் படங்கள். சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். விரிசலுக்குக் குறுக்கே தையல் டேப்பைப் பிடித்து அளவு தெரியும்படி வாராவாரம் படம். கீழே நகராட்சியைக் குறிப்பிட்டு மனு எண், தேதி. "பம்ப் அதிர்வில் என் வீடு பிளக்கிறது. பதில் தரவும்." அடுத்த வாரம் மறுபடி. பதில் இல்லை. கொளுத்துவேன் என்ற வரி ஏழாவது மனுவுக்குப் பிறகு வந்தது.

சரி, அந்த இரண்டாவது கால்? கேள்வி கேட்டிருந்த பெண்ணின் பெயர் நீலக்கிளி. அந்தக் கணக்கில் இருந்த தோட்டப் படங்களில் ஒன்றுகூட இந்த ஊரில் எடுத்தது இல்லை.

அலுவலகத்தின் நடுவே ஒரு மரத்தடுப்பு உண்டு. இந்தப் பக்கம் தகவல் பொறுக்குபவர்கள். அந்தப் பக்கம் பொய்ப் பெயரில் கணக்கு வைத்துக் குழுக்களுக்குள் போய்ப் பேச்சுக் கொடுப்பவர்கள். எந்தப் பொய்ப் பெயர் நம்முடையது என்று இந்தப் பக்கத்துக்குச் சொல்ல மாட்டார்கள். ரகசியமாம். அவள் தடுப்பைச் சுற்றிப் போனாள். முன்பு பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்த ஒருவர் அங்கே இருந்தார். வாத்தியார் என்பார்கள்.

"வாத்தியாரே, நீலக்கிளி யாரு?"

"நம்ம பொண்ணுதான். போன வருஷம் நான் பெத்தது. ரெண்டு பிள்ளைங்க, வீட்டுக்காரர் வெளியூர்ல, தோட்டம் போடறதுல ஆசை."

"தண்ணி ஸ்டேஷனைப் படம் எடுக்கறான்னு கேட்டது நீங்களா?"

"நீங்க ஜன்னலைக் கண்டுபிடிச்சீங்கல்ல, அப்புறம் அப்டேட் சொன்னாரு. ஒரு கல்லு விட்டுப் பாரு, யாராச்சும் வாயைத் திறக்கறாங்களான்னு."

"அந்தக் கல்லைத்தான் எங்க பக்கம் பொறுக்கி ரெண்டாவது கால்னு வச்சிருக்காங்க."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது பேரு பதில் சொன்னாங்களேம்மா."

"நீங்க கேட்டப்புறம் சொன்னாங்க. கேக்கறதுக்கு முன்னாடி ஒருத்தராவது அவரைப் பத்திப் பேசியிருக்காங்களா? காட்டுங்க."

இருவரும் தேடினார்கள். ஒருவரும் பேசியிருக்கவில்லை.

அப்டேட்டின் அறைக் கதவைத் தட்டாமலே அவள் உள்ளே போனாள்.

"ஏதாச்சும் அப்டேட்?"

"இருக்கு சார். தப்பான ஆளைப் பிடிச்சிருக்கோம்."

"நாம யாரையும் பிடிக்கலம்மா. நாம எழுதிக் குடுத்தோம். பிடிச்சது போலீஸ்."

அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "கொளுத்துவேன்னு எழுதினானா இல்லையா?"

"நேத்து கேண்டீன்காரரைக் கொன்னுடுவேன்னு நீங்களும்தான் சொன்னீங்க."

"நான் அதை நெட்ல போடலையே."

"நாளைக்குக் காலைல நம்ம தாளை வச்சுத்தான் ஒரு மாசம் கேக்கப் போறாங்க. ரெண்டாவது கால் பொய்னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்க சார்."

"இந்த ஆபீஸ்லேர்ந்து திருத்தம்னு ஒரு தாள் போனதே இல்ல. ஒண்ணு போச்சுன்னு வை, பழசையெல்லாம் கிளறுவாங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "உனக்குத் தலைவலின்னு எழுதிக்கறேன். வீட்டுக்குப் போ."

மனிதர் வாயாலேயே வழி சொல்லிக் கொடுத்துவிட்டார். பழசு. அவள் நேராக வாத்தியாரிடம் வந்து, பொய்ப் பெயர்கள் எழுதிய நோட்டைக் கேட்டாள்.

"நான் குடுக்க மாட்டேன்," என்றார் வாத்தியார். பிறகு மேசை டிராயரை இழுத்துத் திறந்து வைத்தார். "டீ குடிச்சிட்டு வரேன். பூட்ட மறந்துட்டேன்னு வச்சுக்குங்க."

அவர் நாலு டீ குடித்திருக்க வேண்டும். அதற்குள் அவள் நோட்டையும் பழைய அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு தாள்களை அச்செடுத்தாள்.

படம் பார்ப்பவர்கள் படத்தில் உள்ள இடத்துக்கு நேரில் போகக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. மாலை நாலரைக்கு அவள் தையற்காரர் வீட்டு வாசலில் நின்றாள். தையல் மிஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"தைக்கக் குடுத்ததை வாங்க வந்தீங்களா? எதுவும் முடியல. அவர் இல்ல."

"தெரியும்மா. அவரைப் பத்திப் போலீசுக்கு எழுதிக் குடுத்த ஆபீஸ்லேர்ந்து வரேன்."

மனைவி கத்தவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. "எப்படி இந்த வீடுன்னு கண்டுபிடிச்சீங்க?"

"ஜன்னல்ல ஒரு கம்பி வளைஞ்சிருக்கு. அவர் எடுத்த படத்துல ஓரமா தெரிஞ்சுது."

"எங்க பையன் நாலு வயசுல தலையை விட்டுக்கிட்டான். அவர்தான் வளைச்சு எடுத்தாரு." திரும்பி ஜன்னலைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள். "கம்பி தெரிஞ்சுது. பக்கத்துல செவுரு பிளந்திருக்கறது தெரியலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சுது. அதையும் அடையாளம்னுதான் எழுதினேன்."

"நல்லா இருப்பீங்க," என்றாள் மனைவி. அது வாழ்த்து இல்லை. உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "வக்கீல் வீடு ரெண்டு தெரு தள்ளி. வாங்க. என்கிட்ட சொன்னதை அவர்கிட்டயும் சொல்லுங்க. பாதில ஓடிடாதீங்க."

மறுநாள் நீதிமன்ற அறை சின்னதாக, புழுக்கமாக இருந்தது. அரசு வக்கீல் அறிக்கையை வாசித்தார். அக்கம்பக்கத்தினரே அச்சப்பட்டுக் கேட்டிருக்கிறார்கள் என்றார். தையற்காரர் ஓரமாக நின்றார். ஒரு வாரத் தாடி. யாரையாவது அடிக்க ஆள் தேடுகிற முகம்.

"முதல்ல கேட்டவங்க யாரு?" என்றார் நீதிபதி.

"நீலக்கிளி என்ற பெயரில் ஒரு பெண்மணி, ஐயா."

"அவங்களை விசாரிச்சீங்களா?"

அரசு வக்கீல் தாளைப் புரட்டினார். தையற்காரரின் வக்கீல் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்டேட் அப்போதுதான் அவளைக் கவனித்தார்.

"அப்படி ஒரு பெண்மணி இல்ல ஐயா. அது நாங்கதான். எங்க ஆபீஸ்ல எழுதினது. நாங்களே கேட்டு, நாங்களே அதைச் சாட்சின்னு எழுதிட்டோம்."

தையற்காரரின் வக்கீல் அவள் அச்செடுத்த தாள்களை நீதிபதியிடம் நீட்டினார். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார், டேப் பிடித்த விரிசல் படங்கள் உட்பட.

"இந்த நீலக்கிளி இதுக்கு முன்னாடியும் சாட்சி சொல்லியிருக்காங்களா?"

"பதினோரு பேருக்கு எதிரா, ஐயா."

அப்டேட் எழுந்து வெளியே போனார். போனைக் காதில் வைத்தபடி போனார்.

காவல் நீட்டிப்பு மறுக்கப்பட்டது. மற்ற பதினொன்றும் இந்த வழக்கில் வராது என்றும், எழுதிக் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே எழுத்தரிடம் கொடுத்தால் உரிய இடத்துக்கு அனுப்புவதாகவும் நீதிபதி சொன்னார். வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அவள் தாளை மடியில் வைத்தாள். அதற்குள் அலுவலகத்திலிருந்து போனில் ஒரு வரி வந்திருந்தது. இனி வர வேண்டாமாம். பதில் போடவில்லை.

தையற்காரர் மனைவியோடு அவளைத் தாண்டிப் போனார். நின்றார். நன்றி சொல்ல அவருக்கு எந்த அவசியமும் இல்லை, சொல்லவும் இல்லை.

"என் போனை எப்போ தருவாங்க?"

"எழுதிக் கேக்கணும். ரெண்டு மூணு வாரம் ஆகும்."

"நல்லாருக்கு," என்றார். "அதுக்கும் ஒரு மனு." மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் பதினோரு பேரில் முதல் ஆளைப் பற்றி எழுதத் தொடங்கினாள். அவனுடைய செருப்பின் நிறம், பால்கனி பார்க்கும் திசை, எத்தனை மணிக்கு வீட்டு விளக்கு எரியும் என்பதெல்லாம் அறிக்கையில் இருந்தது. அவன் என்ன வேலை செய்கிறான், எதற்காகக் கோபப்பட்டான் என்று மட்டும் யாரும் எழுதியிருக்கவில்லை. அந்த அறிக்கையிலும் கீழே அவள் கையெழுத்து இருந்தது. 'ஏன் என்று நான் கேட்கவில்லை' என்று எழுதினாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதிவிட்டு இரண்டாவது ஆளுக்குப் போனாள்.